மங்குத் தாம்பாளமும் மூணு லிட்டர் ஆயிலும்

(காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்வாசல் கொட்டகையில் பத்து வயசுக் கார் ஒன்று. அக்காவான ஆச்சியும் அவர் தம்பியும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. தம்பி போன மாதம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற ஆம்பளை கையில் ஸ்பானர் கிடைத்தால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஞாயிறு காலை. ஆச்சி கையில் கணக்கு நோட்டு.)

ஆச்சி: என்னப்பா தம்பி, விடியமுன்னாடி கொட்டகைக்குள்ள உருட்டுற சத்தம்? பெருச்சாளியோன்னு கம்பெடுத்துக்கிட்டு வந்தேன்.

தம்பி: நாந்தான் ஆச்சி. இன்னைக்குக் காருக்கு நானே சர்வீஸ் பண்ணப் போறேன். மெக்கானிக் கடையில எஸ்டிமேட் போட்டுக் குடுத்தாகல்ல, 7,850 ரூபா? அம்புட்டும் நமக்கு மிச்சம்.

ஆச்சி: காலுக்குக் கீழ இருக்கிற பொட்டி என்ன விலை?

தம்பி: டூல் பாக்ஸா? அது செலவுல சேராது ஆச்சி. அது முதலீடு.

ஆச்சி: எவ்வளவுன்னு கேட்டேன்.

தம்பி: 4,200.

ஆச்சி: (எழுதுகிறார்) பற்று, 4,200. ம், எஸ்டிமேட்ட வாசி.

தம்பி: இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், வைப்பர் பிளேடு, பிரேக் ஆயில், பிரேக் கிளீனிங், இன்ஜின் டிரெஸ்ஸிங்…

ஆச்சி: டிரெஸ்ஸிங்கா? இன்ஜினுக்கு என்னத்த உடுத்திவிடப் போறாக?

தம்பி: பளபளன்னு இருக்க ஒரு தண்ணிய அடிச்சு விடுவாக.

ஆச்சி: பானட்டை மூடிட்டா யாரு பாக்கப் போறா? அடி அதை. 650 போச்சு. பாத்தியா, ஸ்பானரத் தொடாமலே வரவு வந்துருச்சு. அடுத்து?

தம்பி: ஏர் ஃபில்டர். நாலே கிளிப்பு, விரலாலயே கழட்டிரலாம். இன்ஜின் மூச்சு விடுற காத்து இதுல புகுந்துதான் போகுது. அடைச்சுக்கிச்சுன்னா வண்டி இழுக்காது. (கிளிப்பைத் தட்டி மூடியைத் தூக்குகிறார்.) அட!

ஆச்சி: என்னப்பா?

தம்பி: எலி குடும்பம் நடத்தியிருக்கு ஆச்சி. பஞ்சு இருக்கு, நிலக்கடலைத் தோடு இருக்கு. இது என்ன, வெள்ளையா, சுருள் சுருளா…

ஆச்சி: கொண்டா இங்க. இது என் கூழ்வத்தல்! போன வாரம் மொட்டைமாடியில காயப்போட்டு, ஒரு கொட்டான் குறையுதுன்னு வேலைக்கு வர்ற பிள்ளையச் சந்தேகப்பட்டேனே! இத நீயே பண்ணு. எலி மேட்டரைக் கடைக்காரக முன்னாடி திறந்தா மானம் போயிரும்.

தம்பி: ஏ.சி. ஃபில்டரும் அதே கதைதான். டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால இருக்கு. வைப்பரும் நானே மாத்திருவேன்.

ஆச்சி: வைப்பர்ல தப்பாப் போக என்ன இருக்கு?

தம்பி: அதுலயும் ஒண்ணு இருக்கு. பிளேடைக் கழட்டினதும் கம்பி மட்டும் நிக்கும். ஸ்பிரிங்கு உள்ள கம்பி. கை தவறினா படார்னு கண்ணாடியில அடிக்கும். விரிசல் விட்டா கண்ணாடியவே மாத்தணும். அதான் துண்டை மடிச்சு முன்கண்ணாடி மேல போட்டுக்கிட்டுச் செய்யணும். உங்க துண்டுதான் போட்டிருக்கேன்.

ஆச்சி: அது கோயிலுக்குப் போறப்பப் போடுறதுப்பா! சரி சரி, இருக்கட்டும். அங்கன தரையில என்ன மூடி வச்சிருக்க?

தம்பி: அது… ஆயில் வடிக்கிறதுக்கு ஒரு பாத்திரம். மூணு லிட்டர் பிடிக்கணுமே.

ஆச்சி: (சாக்கைத் தூக்கிப் பார்க்கிறார்) தம்பி! இது ஆத்தா கல்யாணத்துக்கு வந்த எனாமல் பூசின மங்குத் தாம்பாளம்! முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைக்காரக எத்தனை தரம் விலை கேட்டாக தெரியுமா? குடுக்க மாட்டேன்னு திருப்பி அனுப்பினேன். நீ இதுல கரி எண்ணெயை வடிக்கப் போறியா?

தம்பி: கழுவித் தந்திருவேன் ஆச்சி.

ஆச்சி: உள்ள தூக்கிட்டுப் போனியன்னா ஒரு சொட்டு பட்டாலைத் தரையில விழுந்தாக்கூட…

தம்பி: ஆத்தங்குடிக் கல்லுக்கு எண்ணெய் தொட்டுத் துடைச்சா பளபளக்கும்னு நீங்கதானே சொல்வீங்க?

ஆச்சி: அது தேங்காயெண்ணெய்! ஆமா, வண்டியத் தூக்கி எதுமேல நிறுத்துவ?

தம்பி: ஜாக்கி இருக்கு. பாதுகாப்புக்கு ரெண்டு பக்கமும் செங்கல் அடுக்கி…

ஆச்சி: செங்கலா? முகப்புல பர்மாத் தேக்குத் தூணு நிக்குதே, அதுக்கடியில படுன்னு சொல்லு, படுத்துத் தூங்கிருவேன். இந்தச் செங்கலுக்கு அடியில என் செருப்பக்கூட வைக்க மாட்டேன்.

தம்பி: வாஸ்தவந்தான். ஜாக்கி சக்கரம் மாத்துறதுக்குத்தான், அடியில போறதுக்கு இல்ல. போகணும்னா இரும்பு ஸ்டாண்டு வாங்கணும். அது ஒரு ஜோடி…

ஆச்சி: வாங்காதே. அந்தப் பழைய ஆயிலை எங்க ஊத்துவ?

தம்பி: வாய்க்கால்ல ஊத்திட்டா…

ஆச்சி: நம்ம வளவு வாசல்ல விழுற மழைத் தண்ணி எந்த வாய்க்கால்லப்பா போகுது?

தம்பி: அதுலதான்.

ஆச்சி: அது எங்க போய்ச் சேருது?

தம்பி: ஊருணிக்கு.

ஆச்சி: சொட்டு மழை வீணாகாம ஊருணிக்குப் போய்ச் சேரணும்னு ஐயாக்க கணக்குப் பாத்துக் கட்டி வச்சிருக்காக. நீ அதுவழியா மூணு லிட்டர் கரி எண்ணெய அனுப்பு. கடையில என்ன பண்ணுவாக?

தம்பி: டிரம்முல சேத்து வைப்பாக. பழைய ஆயில் வாங்கிறவுக வந்து எடுத்துட்டுப் போவாக.

ஆச்சி: அப்ப ஆயில் கடைக்கு. நீ ஆயிலு குறையுதா இல்லையான்னு மாசத்துக்கு ஒரு தரம் பாரு, போதும்.

தம்பி: அது பாப்பேன். சமதரையில நிறுத்தி, இன்ஜினை அணைச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு, குச்சிய உருவித் துடைச்சு, மறுபடி விட்டு எடுக்கணும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்தா சரி. ஆனா ஆச்சி, ஆயிலைக் கடைக்குக் குடுத்தா மிச்சமே இல்லையே!

ஆச்சி: நீ மிச்சத்தப் பாத்தே பிரிக்கிற, அதான் வம்பு. இந்தா, நோட்டுல இன்னொரு பத்தி கோடு போடுறேன். 'தப்பாப் போனா என்ன செலவு'ன்னு. ஏர் ஃபில்டர்?

தம்பி: மறுபடி கழட்டி மாட்டணும். அவ்வளவுதான்.

ஆச்சி: நீ பண்ணு. ஆயில்?

தம்பி: நட்டைச் சரியா முடுக்கலேன்னா வழியில ஒழுகிரும். ஆயில் இல்லாம ஓடினா இன்ஜினே போயிரும்.

ஆச்சி: கடை. பிரேக்கு?

தம்பி: பிரேக் ஆயில் மழைக்கால உப்பு மாதிரி ஆச்சி. ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். ஈரம் சேந்தா சூட்டுல குமிழி விடும், மிதி பஞ்சு மாதிரி உள்ள போயிரும். அதான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாத்தச் சொல்றாக. நமக்கு மூணாச்சு.

ஆச்சி: நீ மாத்தி, உள்ள காத்து நின்னுட்டா?

தம்பி: பிரேக்குப் பிடிக்காது.

ஆச்சி: அப்புறம் குன்றக்குடி முருகன்தான் பிடிக்கணும். கடை! பேசாதே. டயரு?

தம்பி: காத்து நானே பாப்பேன். டிரைவர் பக்கக் கதவுல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, 33ன்னு. வண்டி ஓடினா சூட்டுல காத்து ஏறிக் காட்டும், அதனால காலையில எடுக்கிறதுக்கு முன்னாடியே பாத்துறணும்.

ஆச்சி: இந்தா, ஸ்டெப்னியில 1415ன்னு போட்டிருக்கே, விலையா?

தம்பி: பிறந்த நாளு ஆச்சி. 2015ல பதினாலாவது வாரம்.

ஆச்சி: புதுசு மாதிரி இருக்கு. ஒரு தரமும் ஓட்டலையே?

தம்பி: ஓட்டாட்டியும் ரப்பர் கிழடு தட்டிரும்.

ஆச்சி: (கொஞ்ச நேரம் தம்பியையே பார்க்கிறார்) ஒரு மாசம் சும்மா இருந்ததுக்கே உன்னைப் பாக்கிறேனே. எழுதிக்கிட்டேன். அதையும் மாத்திரு. பேட்டரியில என்ன, பச்சையும் வெள்ளையுமா உப்பு பூத்திருக்கு?

தம்பி: அது நான் பண்ணுற வேலை. ஆப்ப சோடா ஒரு கரண்டி, வெந்நி ஒரு செம்பு குடுங்க. ஊத்தினா நுரைச்சுக் கழண்டிரும். காஞ்சதும் வாஸ்லின் தடவணும்.

ஆச்சி: இந்த ஊருல துருவுக்கும் பேட்டரிக்குமே ஆராய்ச்சிக் கூடம் இருக்கு. அழகப்பச் செட்டியாரு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் குடுத்து வந்த மின்வேதியியல் கூடம், 1953ல திறந்தது. அங்கன இருந்து கூப்பிடு தூரத்துல நம்ம காரு துருப்பிடிச்சு நிக்குது. கேவலம்.

தம்பி: (ஸ்பானரைப் பூட்டுகிறார்) முதல்ல மைனஸைக் கழட்டணும் ஆச்சி. பிளஸைக் கழட்டுறப்ப ஸ்பானர் பாடியில பட்டாலும் பொறி பறக்காது. பாருங்க, எவ்வளவு லேசா… 

(டிங். டக். டக். பிறகு ஒன்றுமில்லை.)

ஆச்சி: என்ன விழுந்துச்சு?

தம்பி: சாக்கெட்டு. ஸ்பானர் நுனியில மாட்டுற குழல்.

ஆச்சி: தரையில சத்தமே கேக்கலையே?

தம்பி: அதான் பாக்கிறேன். இன்ஜினுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கு, அதுல நிக்குது போல. தட்டைக் கழட்டணும்னா வண்டிக்கு அடியில…

ஆச்சி: செங்கல்லப் பாக்காதே. போனை எடு.

(தம்பி மெக்கானிக்கிடம் பேசுகிறார். பேசுவதை விடக் கேட்பதுதான் அதிகம். முகம் சுருங்குகிறது.)

ஆச்சி: என்ன சொல்றாரு?

தம்பி: சிரிக்கிறாரு ஆச்சி. சாக்கெட்டு விழுந்திருச்சுன்னு மட்டுந்தான் சொன்னேன். 'பத்தாம் நம்பரா'ன்னு கேக்கிறாரு. இவருக்கு எப்படித் தெரியும்?

ஆச்சி: (எழுதிக்கொண்டே) வரும்போது இன்னொண்ணு கையோட எடுத்துட்டு வரச் சொல்லு. பிரேக் ஆயிலையும்.