பராக்குப் பிள்ளை

போன வருடம் முதலாம் தவணையில் மட்டும் 7 தண்ணீர்ப் போத்தல் வாங்கினோம். ஏழாவது போத்தலில் என் மனைவி பெயர், வகுப்பு, என் தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் அழியாத மையால் எழுதி அனுப்பினாள். அதுவும் திரும்பி வரவில்லை. "எங்க வைச்சனி?" என்று கேட்டால் மகள் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஏதாவது ஒரு பொய்யாவது சொல்லலாம். அதுகூடச் சொல்லமாட்டாள். எங்கே வைத்தாள் என்பது அவளுக்கு உண்மையாகவே தெரியாது.

அவளுக்கு இப்போது 11 வயது. அவளைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "போத்தல் கதையை எழுதுங்கோ, கணக்குக் கொப்பிக் கதையை எழுதாதேங்கோ" என்றாள். சரி, கணக்குக் கொப்பிக் கதை இங்கே வராது.

பராக்கு என்று எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது. பராக்குப் பார்க்காமல் வா, பராக்குப் பார்க்காமல் சாப்பிடு. நானும் ஐந்தாறு வருடம் அந்தச் சொல்லைத்தான் அவளுக்குப் பட்டப்பெயர் மாதிரிச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து றிப்போட்டில் ஒவ்வொரு தவணையும் ஏறக்குறைய ஒரே வரிதான் வரும்: "அமைதியான பிள்ளை. கவனம் போதாது." முதல் பாதியை வாசித்து நாங்கள் சந்தோஷப்படுவோம். மற்றப் பாதிக்கு இரண்டு பேச்சு ஏச்சு, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் குழப்படி இல்லாத பிள்ளை என்றால் நல்ல பிள்ளை. அவளுடைய வகுப்பில் ஒரு பெடியன் இருந்தான். வாங்கில் ஏறி ஓடுவான், பக்கத்துப் பிள்ளையின் சோற்றுப் பெட்டியை எடுத்து ஒளிப்பான். இரண்டாம் மாதமே தாய் தகப்பனைக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்றாம் தவணைக்குள் அவனை வைத்தியரிடம் காட்டியும் விட்டார்கள். என் மகள் யன்னலோரம் மூன்றாவது வரிசையில் ஐந்து வருடம் இருந்தாள். யாருக்கும் ஒரு கரைச்சலும் கொடுக்கவில்லை. அதனால் அவளுக்கு என்ன கரைச்சல் என்று யாரும் கேட்கவும் இல்லை. தகப்பன் நான், நானே கேட்கவில்லை.

இந்தப் பராக்குக்கு வைத்தியர்கள் வைத்திருக்கிற பெயர் ஏ.டி.எச்.டி, அதாவது கவனக்குறைபாடு. அவர்களின் புத்தகத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான் நடந்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980 இல் வெளியிட்ட கையேட்டில் கவனக்குறைபாடு என்று பெயர் வைத்து, துறுதுறுப்போடு வருவது, துறுதுறுப்பு இல்லாமல் வருவது என்று இரண்டாகப் பிரித்தார்கள். 1987 இல் பெயரிலேயே துறுதுறுப்பைச் சேர்த்து ஏ.டி.எச்.டி ஆக்கினார்கள். அமைதியான பிள்ளைக்கு அதற்குள் ஒழுங்கான ஒரு பிரிவு திரும்பக் கிடைத்தது 1994 இல்தான். பெண்பிள்ளைகளில் இந்த அமைதியான வகை கூடுதலாகக் கண்ணில் படாமல் போகிறது, பலருக்குப் பிந்தித்தான் தெரியவருகிறது என்று இப்போது எழுதுகிறார்கள். வாசித்தபோது எனக்குச் சுள்ளென்றது.

வீட்டில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். "மேசையில கிடக்கிற கண்ணாடியை எடுத்து அப்பம்மாட்டக் குடுத்திட்டு, படலையைச் சாத்திப்போட்டு, வரேக்க கிணத்தடியில இருக்கிற வாளியை எடுத்துக்கொண்டு வா." இதில் மூன்று வேலை இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அது ஒரே வசனம். அவளுக்கு முதல் வேலை கையில் இருக்கும்போதே மற்ற இரண்டும் வழுகி விழுந்துவிடும். கால் மணித்தியாலம் கழித்துப் போய்ப் பார்த்தால் கண்ணாடியைக் கையில் வைத்தபடி செம்பரத்தைக்குக் கீழே குந்தியிருந்து எறும்பு பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கத்துவேன். வேண்டுமென்றே செய்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

"படம் கீறேக்க மட்டும் ரெண்டு மணித்தியாலம் அசையாமல் இருக்கிறாளே, அப்ப மட்டும் கவனம் எங்கயிருந்து வருது?" என்று என் அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. நானும் அதையேதான் வைத்தியரிடம் கேட்டேன். கவனம் இருக்கிறதா இல்லையா என்பதில் சிக்கல் இல்லை, வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் அதைப் பிடித்து வைப்பதில்தான் சிக்கல் என்றார். பிடித்த விஷயம் தானாகவே அவளை இழுத்து வைத்திருக்கும். பிடிக்காத விஷயத்தில் தன்னைத் தானே இருத்தி வைக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குச் சின்னப் பாடாக இருக்கிற அந்த வேலை அவளுக்குப் பெரும்பாடு.

வைத்தியரிடம் போனதே பெரிய கதை. மனநலப் பிரிவு என்றதும் அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நாங்கள் சின்னனாக இருந்தபோது ஒருவனைப் பகிடி பண்ண, மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி இருந்த ஊரின் பெயரை, "மந்திகை" என்று சொன்னாலே போதும். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அங்கே போனால் கேள்விகள்தான். இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறாள், காது நன்றாகக் கேட்கிறதா, கரும்பலகை தெரிகிறதா, இரத்தச்சோகை ஏதும் இருக்கிறதா, வீட்டில் சண்டை சச்சரவு உண்டா, பயந்த சம்பவம் ஏதாவது நடந்ததா. இவற்றில் எது இருந்தாலும் பிள்ளை பராக்காக இருக்கும், அதையெல்லாம் விலக்கிப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஸ்கானோ இரத்தப் பரிசோதனையோ எடுத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கவனம் பற்றிய 9 அறிகுறிகளில் குறைந்தது 6 ஆவது ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்னரே தொடங்கியிருக்க வேண்டும், வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். பழைய றிப்போட்டுகளைக் கேட்டார்கள். அந்த ஒரே வரியை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் அது எத்தனை தவணை எங்களிடம் வந்திருக்கிறது என்று விளங்கியது.

"எங்கட காலத்தில இப்பிடி ஒரு வருத்தம் இருக்கேல்லை, எல்லாம் இந்தப் போனால வந்தது" என்பது அம்மாவின் தீர்ப்பு. போன் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒல்லாந்தரிடமிருந்து யாழ்ப்பாணத்தை ஆங்கிலேயர் பிடித்தது 1795 இல். அதற்கு மூன்று வருடம் கழித்து, 1798 இல், அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் ஒரே விஷயத்தில் மனம் நிலைக்காத ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பிறப்பிலேயே வரலாம், படிப்பைப் பாதிக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். அப்போது எங்கே போன்?

அம்மாவுக்கு நான் சொன்ன மற்றப் பதில் என்னைப் பற்றியது. இது குடும்பத்தில் நன்றாகவே ஓடுகிற சங்கதி. நான் ஏ.எல் படிக்கும்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளில் போய், மரக்கறியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன். சைக்கிள் எங்கே என்று அப்பா கேட்டபோதுதான் சைக்கிளில் போனது ஞாபகம் வந்தது. அந்த அடி இப்போதும் முதுகில் இருக்கிறது. அம்மா இதைக் கேட்டுச் சிரித்தாள், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இனி ரியூசன். இதைத்தான் முக்கியமாக எழுத வந்தேன், சிலருக்குக் கோபமும் வரலாம்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வருடத்தில் அவளை நாலு ரியூசன் வகுப்புக்கு அனுப்பினோம். பள்ளிக்கூடம் விட்டு வந்து உடுப்பு மாற்றினால் ரியூசன், சனி ஞாயிறு என்றால் வினாத்தாள் வகுப்பு. கவனம் போதாது என்று றிப்போட் வரும், நாங்கள் ஒரு வகுப்பைக் கூட்டுவோம். ஏற்கெனவே கவனத்தைப் பிடித்துப் பிடித்துக் களைத்த பிள்ளையை இன்னும் மூன்று மணித்தியாலம் நூறு பிள்ளைகளோடு கொட்டகைக்குள் இருத்தினால் என்ன நடக்கும்? பயிற்சித்தாள்களில் கடைசிப் பக்கத்தை அவள் திருப்பவே மாட்டாள். திருப்பாத பக்கத்துக் கேள்விகளை வீட்டில் வாயால் கேட்டால் பத்தில் எட்டுக்கு மறுமொழி சரியாக வரும். பரீட்சையில் 200 புள்ளிக்கு அவள் எடுத்ததைச் சொல்லமாட்டேன், வெட்டுப்புள்ளிக்குக் கீழே. அந்தக் கிழமை ஒழுங்கையில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் "பிள்ளைக்கு எத்தினை?" என்று அவள் முன்னாலேயே கேட்டார்கள். மதில்களில் வேறு பிள்ளைகளின் படங்கள் பதாகையாகத் தொங்கின. 10 வயதில் ஒரு பிள்ளை நான் மொக்கு என்று முடிவு கட்ட அது போதும். அவள் அப்படிச் சொல்லி அழுத இரவுதான் நாங்கள் வைத்தியரைப் பார்க்க முடிவு செய்தோம்.

2007 இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைகளின் மூளைப் புறணி, அதாவது மூளையின் மேற்படை, எப்படி வளர்கிறது என்று அளந்து பார்த்தார்கள். வளர்கிற ஒழுங்கு மற்றப் பிள்ளைகளைப் போலத்தான், ஆனால் மற்றவர்களுக்குச் சராசரியாக ஏழரை வயதில் வருகிற கட்டம் இவர்களுக்குப் பத்தரை வயதில் வருகிறது. கவனத்தைக் கட்டுப்படுத்துகிற முன்பகுதியில்தான் இந்தப் பிந்தல் கூட. அந்தப் பத்து வயதில்தான் நாங்கள் மாவட்டம் முழுவதும் வரிசைப்படுத்துகிற பரீட்சையை வைத்திருக்கிறோம். எல்லோரும் வகுப்பை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நாங்கள் மூன்றை நிறுத்தினோம். புள்ளி குறையவில்லை. பின்னேரத்தில் அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

மற்றபடி செய்தவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். தூரத்தில் நின்று கூப்பிடுவதை விட்டோம். கிட்டப் போய், தோளில் கை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்கிறோம். புத்தகப் பைக்குள் வைக்க வேண்டியவற்றை அலுமாரிக் கதவில் அவளே படமாகக் கீறி ஒட்டியிருக்கிறாள். 15 நிமிடம் கணக்கு, பிறகு கோழிக்குத் தவிடு, திரும்ப 15 நிமிடம். அவள் படிக்கும்போது பக்கத்துக் கதிரையில் இருந்து நான் என் கடைக் கணக்கை எழுதுவேன். அவளோடு கதைப்பதில்லை, சும்மா இருப்பதுதான். அதுவே பெரிய உதவி என்கிறாள். எனக்கும் கணக்கு முடிகிறது. வகுப்பில் ஒரு ரீச்சர் தானாகவே அவளை யன்னலோரத்தில் இருந்து எடுத்து முன்வாங்கில் இருத்தி, தாளைக் கொடுக்கும்போது "எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தனீங்களோ?" என்று முழு வகுப்பையும் கேட்கிறா. அவளைத் தனியாகக் குறிவைத்துக் கேட்காத அந்தப் பக்குவத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மருந்து பற்றிக் கேட்பீர்கள். மெதில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் பல பத்து வருடமாகப் பாவனையில் இருக்கின்றன, பலருக்கு நன்றாக வேலை செய்கின்றன. பசி குறையலாம், நித்திரை குழம்பலாம், அதனால் நிறையும் உயரமும் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்காகத் தொடங்கவும் கூடாது, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து விடவும் கூடாது. என் மகள் எடுக்கிறாளா என்று கேட்காதீர்கள், அது அவளுடைய விஷயம்.

கத்துவதை நான் முழுதாக விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். போன செவ்வாய்க்கிழமையும் கத்தினேன், ஒற்றைச் சப்பாத்துக்காக. பின்னேரம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அப்பா, உங்களுக்கும் பராக்குத்தானே" என்றாள்.

நேற்றுப் பள்ளிக்கூடத்தால் வந்தவள் படலையடியிலேயே நின்று போத்தலைத் தூக்கிக் காட்டினாள். "அப்பா, கொண்டு வந்திட்டன்!"

மூடியைக் காணவில்லை.