கைமாத்து

எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. "கடன் அன்பை முறிக்கும்." சின்ன வயதிலிருந்து பெட்டிக்கடை, டீக்கடை, சலூன், சைக்கிள் கடை என்று எத்தனையோ இடங்களில் பார்த்துப் பழகிய வாசகம். இப்போது அதற்குக் கீழேயே ஜிபே அட்டையும் ஒட்டியிருக்கிறது. வியாபாரத்துக்கு அந்த வாசகம் சரி. கடைக்காரர் பாடு கடைக்காரருக்குத்தான் தெரியும். ஆனால் அதை அப்படியே தூக்கிவந்து நட்புக்கும் மாட்டி, "நண்பர்களுக்குள்ள காசு பணம் வரவே கூடாது" என்று ஆளாளுக்குச் சொல்லும்போது என் மனசு ஒப்ப மறுக்கிறது. என் இருபதுகளில் எனக்குக் கிடைத்த சிநேகிதம் அத்தனையும் கைமாத்தில் வளர்ந்தது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகன். பெங்களூரில் நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்து வேலைக்குப் போகிறான். போன வாரம் பேசும்போது, பசங்களோடு வெளியே சாப்பிடப் போய் வந்ததாகச் சொன்னான். யார்டா காசு கொடுத்தது என்று கேட்டேன். "ஒருத்தன் கொடுத்தான்ப்பா. ஆப்ல போட்டா ஆளுக்கு எவ்வளவுன்னு அதுவே பிரிச்சிடும். வீட்டுக்கு வர்றதுக்குள்ள எல்லாரும் அனுப்பிட்டோம். யாருக்கும் யாரும் பாக்கி இல்ல" என்றான். சுத்தமாக இருக்கிறான், நல்லதுதான். போனை வைத்த பிறகு எனக்கு ஏனோ தூக்கம் வரவில்லை. எழுந்து பீரோவில் என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இருக்கும் கவரைத் தேடி, அதற்குள்ளிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்தேன்.

நோட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 1997 அக்டோபரில் பறக்கும் ரயில் சேப்பாக்கத்தைத் தாண்டித் திருமயிலை வரை ஓட ஆரம்பித்தது. அதற்கு அடுத்த மாதம் முசிறியிலிருந்து கிளம்பித் திருவல்லிக்கேணிக்கு வந்து சேர்ந்தேன். வயது 22. பி.காம். முடித்திருந்தேன். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 1,800 ரூபாய் சம்பளம். பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், வெளியூர் ஆண்கள் அறை எடுத்துத் தங்கும் மேன்ஷன். மூன்று கட்டில் போட்டால் நடக்க இடம் இல்லாத அறை, ஆளுக்கு 300 ரூபாய் வாடகை. எட்டு அறைக்கு ஒரு குளியலறை. வராந்தா முழுக்கக் கொடி கட்டி லுங்கியும் பனியனும் காயும். ரூமில் சமைக்கக் கூடாது. ஊரிலிருந்து யாராவது வந்து தங்கினால் ராத்திரிக்கு 10 ரூபாய் கூடுதல். மேனேஜர் கண்ணில் எதுவும் தப்பாது.

அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் ஊர்தான் பெயர். நான் முசிறி. என் அறையில் இன்னும் இரண்டு பேர். போடி, மருந்துக் கம்பெனியில் ரெப். செய்யாறு, டிஎன்பிஎஸ்சி குரூப் 2-க்குப் படித்துக்கொண்டிருந்தவன். அவனுக்கு வீட்டிலிருந்து மணியார்டர் வரும். 100 ரூபாய் அனுப்ப 5 ரூபாய் கமிஷன். அவன் அப்பா இரண்டு மாதத்துக்குச் சேர்த்து ஒரே தடவையாக அனுப்புவார். வந்தவுடன் ராஜா, அப்புறம் ஆறு வாரத்துக்கு எங்கள் ஆள்.

அந்த நோட்டு 80 பக்கக் கோடு போட்ட நோட்டு. அட்டையில் துளை போட்டுச் சணல் கோர்த்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். பக்கத்திலேயே நூலில் கட்டிய ஒரு பேனா. யார் யாருக்கு என்ன கொடுத்தாலும் அதில் எழுதிவிட வேண்டும் என்பது போடி போட்ட சட்டம். "செய்யாறுக்கு, மெஸ் டோக்கன் 2, முசிறி." "முசிறிக்கு, சட்டை இஸ்திரி 1.50, போடி." "போடிக்கு, செருப்புத் தையல் 4, செய்யாறு." சர்க்கரையும் சோப்பும் டி.யு.சி.எஸ்.ஸில் வாங்குவோம், அதுவும் ஏறும். அது 1904-ல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், நாட்டிலேயே பழைய கூட்டுறவுப் பண்டகசாலைகளில் ஒன்று. அந்தக் காலத்தில் எனக்கு அந்த வரலாறெல்லாம் தெரியாது. இப்போது நினைத்தால் அந்தப் பேட்டைக்கும் எங்கள் நோட்டுக்கும் ஏதோ உறவு இருந்த மாதிரி தோன்றுகிறது.

மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்போம். போடி எனக்கு 140 தர வேண்டியிருக்கும், நான் செய்யாறுக்கு 90, செய்யாறு போடிக்கு 120. கழித்துக் கூட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு தொகை மிஞ்சும். அதைக் கொடுத்து முடிப்பதற்குள் புது மாதத்தின் முதல் வரி ஏறிவிடும். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அந்தக் கணக்கு சமமானதில்லை.

எழுதும்போது கைமாற்று என்பார்கள். எங்கள் வாயில் எப்போதும் கைமாத்துதான். அதற்கு வட்டி கிடையாது, சீட்டு கிடையாது. திருப்பித் தரும் தேதியும் கிடையாது, "சம்பளம் வரட்டும்" என்ற ஒரு பேச்சுதான். இதையும் கடன் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் மேன்ஷனிலேயே பலரிடம் வாங்கிக்கொண்டு ஒரு ராத்திரியில் காலி செய்துகொண்டு போனவன் உண்டு. அது வேறு. ஒரு வேளைச் சாப்பாடும் ஒரு பஸ் டிக்கெட்டும் கைமாறுவதை அதோடு சேர்க்கக் கூடாது.

கேட்பது லேசான காரியம் இல்லை. முதல் தடவை நான் போடியிடம் 20 ரூபாய் கேட்பதற்குக் காலையிலிருந்து சாயந்திரம் வரை ஆனது. செய்யாறு கடைசிவரை வாய்விட்டுக் கேட்டதே இல்லை. கையில் காசு இல்லாத நாளில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "டீ குடிக்கப் போலாமா?" என்பான். நாங்கள் கூடவே இறங்குவோம். போடி கொடுக்கும் விதமும் தனி. கையில் தர மாட்டான். கேட்டவனுடைய சட்டை ஆணியில் தொங்கும், அதன் பையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவான். நோட்டில் எழுதும் வேலையை வாங்கினவனே செய்ய வேண்டும். போடிக்கு அப்போது வயது 24. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் ஆச்சரியப்படுகிறேன்.

1998 ஆகஸ்ட் 24. ராத்திரி எட்டு மணி இருக்கும். கீழே மளிகைக் கடை போன் நம்பரைத்தான் ஊரில் பி.பி. நம்பராக, அதாவது என்னைக் கூப்பிட்டுவிடச் சொல்லும் அடுத்தவர் நம்பராக, கொடுத்திருந்தேன். கடைப் பையன் ஓடி வந்தான். அப்பாவுக்கு நெஞ்சு வலி, திருச்சிக்குக் கொண்டு போகிறார்கள் என்று சித்தப்பா சொன்னார். மேலே வந்து பார்த்தால் பையில் 40 ரூபாய். மாதக் கடைசி, யாரிடமும் பெரிதாக இருக்காது. எனக்குக் கை கால் ஓடவில்லை. போடி ஒன்றும் பேசாமல் நோட்டை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போனான். முக்கால் மணி நேரத்தில் 600 ரூபாயோடு வந்தான்.

அந்தப் பக்கம் இப்போது என் எதிரில் விரிந்திருக்கிறது. போடியின் கையெழுத்து, அவசரத்தில் சாய்ந்திருக்கிறது. செய்யாறு 200. அது பரீட்சைக்குக் கட்ட எடுத்து வைத்திருந்த பணம். ஒன்பதாம் ரூம் சார் 150. போடி 100. தூத்துக்குடி 50. விருத்தாசலம் 50. மேனேஜர் 35. எங்களை நாள் தவறாமல் திட்டிய அதே மேனேஜர். கடைசி வரி, அறந்தாங்கி 15.

அறந்தாங்கி பதினான்காம் ரூமில் இருந்தவன். வேலை தேடி வந்து நாலு மாதமாக எதுவும் அமையாமல் இருந்தான். அவனிடம் போடி கேட்கவே இல்லையாம். படியில் எதிரே வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு அறைக்குள் போய், பத்து ரூபாய் நோட்டு ஒன்றும் மீதிக்குச் சில்லறையுமாகக் கொண்டு வந்து கொடுத்தானாம். மறுநாள் அவன் எங்கே சாப்பிட்டான் என்று எனக்குத் தெரியாது.

போடியும் செய்யாறும் பாரிமுனை வரை வந்து பஸ் ஏற்றிவிட்டார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார், அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தார். நான் 12 நாள் கழித்துத் திரும்பியபோது அறந்தாங்கி காலி செய்துகொண்டு ஊருக்குப் போயிருந்தான். முகவரி மேனேஜரிடமும் இல்லை. மற்ற ஆறு வரிகளையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டேன், அந்த ஒரு வரி அப்படியே நிற்கிறது. 2008-ல் ஒரு கல்யாணத்துக்காக அறந்தாங்கி போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு மணி நேரம் நின்று, போகிற வருகிற என் வயது ஆட்களின் முகத்தையெல்லாம் பார்த்தேன். சொந்தப் பெயர் தெரியாத ஒருவனை எப்படி விசாரிப்பது?

1999 கோடையில் அப்பா கட்டாயம் அந்தப் பையன்களைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக மெட்ராஸ் வந்தார். முசிறிக் கோரைப்பாய் மூன்று, சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு. வெயில் காலம் முழுக்க மொட்டைமாடியில் அதில்தான் படுத்தோம். தண்ணீர் தெளித்து, சூடு இறங்கக் காத்திருந்து, பாய் விரித்தால் கடல் காற்று வரும். பேச்சு இரண்டு மணி வரை போகும். என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. அந்தக் கோரையின் வாசனை மட்டும் இருக்கிறது.

நோட்டில் ஏறாத வேறு சிலவும் உண்டு. 1998 டிசம்பரில் ரமலான் நோன்பு தொடங்கியபோது எங்களுக்கு மாதக் கடைசி. பக்கத்துப் பள்ளிவாசலில் சாயந்திரம் தூக்குவாளியோடு போய் நின்றால், யார் என்ன என்று கேட்காமல் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். மூன்று பேரும் அதைக் குடித்துவிட்டுப் படுத்த நாட்கள் உண்டு. அதை யார் பெயரில் வரவு வைப்பது?

அதே நோட்டில் 1999 ஜனவரிப் பக்கம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். மூன்று பேர் காசையும் சேர்த்தால் நாலாவது நாளுக்கு ஒரு டிக்கெட்தான் வந்தது. சீட்டுப் போட்டதில் போடிக்கு விழுந்தது. நானும் செய்யாறும் மொட்டைமாடியில் டிரான்சிஸ்டரோடு. 271 எடுக்க வேண்டும், டெண்டுல்கர் முதுகு வலியோடு ஆடிக்கொண்டிருந்தார். ரேடியோவில் நாலு என்று சொல்வார்கள், இரண்டு மூன்று நொடி கழித்துக் காற்றில் மைதானத்தின் சத்தம் வந்து சேரும். 136-ல் அவர் அவுட் என்று ரேடியோ சொன்னது. சத்தத்துக்காகக் காத்திருந்தோம், வரவே இல்லை. 12 ரன்னில் தோற்றோம். சாயந்திரம் போடி கண் சிவந்து வந்தான். "எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாகிஸ்தான் டீமுக்குக் கை தட்டினோம்டா. மைதானத்தையே சுத்தி ஓடுனாங்க" என்றான். மூன்று ராத்திரி அந்த ஆட்டத்தை ஓவர் ஓவராகச் சொன்னான். நோட்டில் அவன் எழுதியிருப்பது, "டிக்கெட், மூணு பேர் பங்கு." பார்த்தது ஒருவன், பங்கு மூன்று பேருக்கும். இந்தக் கணக்கை எந்த ஆப்பும் பிரித்துத் தராது.

என் மகனுடைய நண்பர்களைக் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள். அவர்கள் கையில் எங்களைவிடப் பணம் இருக்கிறது, அது சந்தோஷம். எனக்குள்ள கவலை ஒன்றுதான். பாக்கி இல்லாமல் இருப்பதைப் பெருமையாக நினைத்துப் பழகிவிட்டால், நாளைக்கு நிஜமாக ஒரு நெருக்கடி வரும்போது கேட்க வாய் வருமா? ஒரு ராத்திரியில் ஏழு பேரிடம் எனக்கு 600 ரூபாய் கிடைத்ததற்குப் பின்னால் ஒன்பது மாதத்து மெஸ் டோக்கனும் இஸ்திரிக் காசும் இருந்தன. அன்றைக்குப் புதிதாகக் கேட்க வேண்டியிருந்திருந்தால் நான் 40 ரூபாயோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருப்பேன்.

இந்த ஜனவரியில் செய்யாறு ஒரு கல்யாணத்துக்குச் சென்னை வந்தான். போடியும் வந்து சேர்ந்தான். ரத்னா கஃபேயில் சந்தித்தோம். அந்தக் காலத்தில் மாதத்தில் ஒரு நாள் போவது, சம்பள நாளில் மட்டும். இட்லி சாம்பாரில் மிதக்க, வாளியோடு வந்து இன்னும் ஊற்றுவார்கள். நோட்டைக் கொண்டு போயிருந்தேன். இரண்டு பேரும் இட்லி ஆறுவது தெரியாமல் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். செய்யாறு அந்த ஆகஸ்ட் பக்கத்தில் விரலை வைத்து, "அறந்தாங்கிக்கு இன்னும் கொடுக்கலையா?" என்றான். பிறகு ரொம்ப நேரம் அவனைப் பற்றியே பேசினோம். நன்றாக விசில் அடிப்பான் என்றான் போடி. இடது கையால் எழுதுவான் என்றான் செய்யாறு. ஒரே நீலச் சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போடுவான் என்றேன். பெயர் மட்டும் மூன்று பேருக்கும் வரவில்லை.

பில் வந்ததும் போடி கொடுத்துவிட்டான். என் பங்கை அனுப்பலாம் என்று போனை எடுத்தேன்.

"போனை உள்ள வை. நோட்ல எழுது" என்றான்.

எழுதினேன். 2000 டிசம்பரில் நின்ற வரிக்குக் கீழே, "ரத்னா கஃபே, மூணு பேருக்கும், போடி." நோட்டில் இன்னும் ஆறு பக்கம் இருக்கிறது.