கடல்பாசியில் கொலாஜன் இருக்கிறதா?

“பாம்பன் கடல்பாசியின் இயற்கைக் கொலாஜனும் பயோட்டினும் சேர்ந்த மாத்திரை, முப்பதே நாளில் முடி, தோல், நகம் மூன்றும் மாறும்” என்று ராமநாதபுரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கொலாஜன் விலங்குகளின் உடலில் உள்ள புரதம். மீன் தோலிலும் செதிலிலும் உண்டு, பாசியில் கிடையாது. மண்டபம் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து கிடைப்பது அகர். அது ஜெல்லி செய்ய உதவும் நார்ச்சத்து வகை, புரதமே அல்ல.

சரி, பயோட்டின்? அது பி வகை வைட்டமின்களில் ஒன்று. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 மைக்ரோகிராம் போதும். முட்டை, மீன், வேர்க்கடலையிலேயே கிடைத்துவிடும். கடைகளில் 10,000 மைக்ரோகிராம் மாத்திரை விற்கிறார்கள்! குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு: அதிக பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். தைராய்டு முடிவு தப்பாக வரலாம், மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவு குறைவாகத் தெரியலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே எச்சரித்தது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்முன் இந்த மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், டப்பாவில் உள்ள எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் வெறும் உரிம எண். முடி வளரும் என்பதற்கான சான்றிதழ் அல்ல. தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். முப்பது நாளில் என்ன பெரிதாக மாறிவிடும்? முடி கொத்தாகக் கொட்டினால் முதலில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பாருங்கள்.