சமரசம் பேசினால்தான் மனுவா?

வீட்டுல அடி வாங்கற பொண்ணு கோர்ட்டுல மனு போடறதைப் பத்தி, “ரெண்டு பேரையும் உட்கார வெச்சுப் பேசாம கோர்ட் மனுவையே வாங்காது”ன்னு ஒரு அண்ணன் எழுதியிருக்கார். தப்புங்க. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல பிரிவு 14படி கவுன்சிலிங்குக்கு அனுப்பறது மாஜிஸ்திரேட்டோட விருப்பம். மனு போட அது நிபந்தனை இல்ல. அவசரம்னா, பிரிவு 23ல எதிர்த்தரப்பு வராமலேயே இடைக்கால உத்தரவு போடலாம். அவளைத் துன்புறுத்தக் கூடாதுன்னு கோர்ட் போடற பாதுகாப்பு உத்தரவை மீறினா ஓராண்டு வரை ஜெயில், இல்ல 20,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும்கூட விழலாம். ஏற்காட்டுல அடி வாங்கி, அம்மாப்பேட்டையில அம்மா வீட்டுக்கு வந்துட்ட பொண்ணு, மலையேறிப் போக வேண்டியதில்ல. இப்போ தங்கியிருக்கிற இடத்துக்கான கோர்ட்டே போதும் (பிரிவு 27).

சமரசமே கூடாதுன்னு சொல்லல. ஆனா அடிச்சவன் எதிரே உட்கார்ந்திருக்கறப்போ அவ சொல்ற ‘சரி’ சம்மதமா, பயமா? நம்ம ஊர்ப் பஞ்சாயத்துல அதை யாரு கேட்டாங்க? அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181க்கு அடிங்க.