தீர்ப்பு பிடிக்கலைன்னா கோர்ட்டையே மூடிடலாம்!

மனித உரிமை ஒப்பந்தத்தில் எத்தனை நாடு கையெழுத்துப் போட்டிருக்கு என்று யாராவது பெருமையாகப் பட்டியல் போட்டால், எனக்கு வின்ட்ஹூக் ஞாபகம்தான் வரும்.

நமீபியாவின் தலைநகர் அது. சாடெக் எனப்படும் தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு அங்கே ஒரு தீர்ப்பாயம் வைத்திருந்தது. 2005-ல் நீதிபதிகள் பதவியேற்றார்கள். உள்ளூர் கோர்ட்டில் வழியில்லை என்றால், ஒரு சாதாரண ஆள் தன் நாட்டு அரசு மீதே அங்கே போய் வழக்குப் போடலாம். எவ்வளவு பெரிய விஷயம்!

ஜிம்பாப்வேயில் 2005-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, அரசு எடுத்துக்கொண்ட விவசாய நிலத்துக்காக யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாதபடி செய்தார்கள். மைக் கேம்ப்பெல் என்ற வெள்ளைக்கார விவசாயி 2007-ல் வின்ட்ஹூக் போனார். வழக்கு நடக்கும்போதே, 2008 ஜூனில், அவரையும் மனைவியையும் மருமகனையும் கடத்திக்கொண்டு போய் அடித்து, வழக்கை வாபஸ் வாங்குவதாகக் கையெழுத்து வாங்கினார்கள். மருமகன் தலையில் கட்டோடு தீர்ப்பாயத்துக்கு வந்து உட்கார்ந்தார். அந்த நவம்பரில் தீர்ப்பு: கோர்ட்டுக் கதவை அடைத்தது தவறு, இது இனப் பாகுபாடு, நியாயமான இழப்பீடு கொடு.

‘அந்த நிலமே காலனிக்காரன் பிடுங்கியதுதானே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆப்பிரிக்கர்களிடமிருந்து பிடுங்கிய நிலம் அவர்களுக்குத் திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதை விசாரணையே இல்லாமல் செய்ய அதிகாரம் கொடுத்தால், அந்த அதிகாரம் வெள்ளைக்காரனோடு நிற்காது. அதே தீர்ப்பாயத்துக்கு கோண்டோ என்ற இன்னொரு வழக்கும் வந்தது. போலீஸும் ராணுவமும் அடித்து நொறுக்கிய ஜிம்பாப்வே மக்கள் ஒன்பது பேர். சொந்த நாட்டுக் கோர்ட்டிலேயே ஜெயித்தவர்கள். அரசு பணம் தரவில்லை. அரசுச் சொத்தை ஜப்தி செய்யவும் சட்டம் விடவில்லை. 2010 டிசம்பரில் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் நின்றது. அப்போதைய ஜிம்பாப்வே ஜனாதிபதி முகாபேக்குக் கொடி பிடித்தவர்கள் இந்த வழக்கைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஆனால் அதற்குள்ளேயே கதை முடிந்துவிட்டது. 2010 ஆகஸ்டிலேயே சாடெக் தலைவர்கள் கூடித் தீர்ப்பாயத்தை முடக்கும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் புது வழக்கு எடுக்கக் கூடாது என்றார்கள். பதவிக்காலம் முடிந்த நீதிபதிகளுக்கு நீட்டிப்பும் கிடையாது. 2012-ல் மபூட்டோவில், இனி நாட்டுக்கு நாடு வழக்கு மட்டும்தான், தனி ஆளுக்கு இடமில்லை என்று முடிவெடுத்தார்கள். முகாபே ஒருத்தர் மட்டும் செய்த வேலை இல்லை இது. சுற்றி இருந்த அத்தனை தலைவர்களும் சேர்ந்து செய்தது, அதுவும் தீர்ப்பாயம் இருந்த அதே வின்ட்ஹூக்கில் வைத்து ஆரம்பித்தது. கேம்ப்பெல் வழக்கை விசாரித்த ஐவரில் ஒருவரும், பின்னாளில் தீர்ப்பாயத்தின் தலைவராக இருந்தவருமான அரிரங்க கோவிந்தசாமி பிள்ளை மொரீஷியஸ்காரர், அங்கே தலைமை நீதிபதியாக இருந்தவர். நம்ம பெயர்தான். எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான். தென்னாப்பிரிக்க நீதிமன்றங்கள் கேம்ப்பெல் வழக்குத் தீர்ப்புகள் தங்கள் மண்ணில் செல்லும் என்றன. கேப் டவுனில் ஜிம்பாப்வே அரசுக்கு இருந்த ஒரு வீடு 2015-ல் ஏலத்துக்கே போனது. வழக்கறிஞர்கள் சங்கம் சொந்த ஜனாதிபதி மீதே வழக்குப் போட, 2018 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம், தனி ஆளுக்கு இடமில்லாத அந்தப் புது ஏற்பாட்டுக்கு முன்னாள் ஜனாதிபதி ஜூமா போட்ட கையெழுத்து சட்டவிரோதம் என்றது. அடுத்த வருஷம், ஜூமாவுக்குப் பிறகு வந்த ஜனாதிபதி ராமபோசா அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்கினார்.

அதனால்தான் சொல்கிறேன், மாநாட்டுத் தீர்மானங்களை எண்ணாதீர்கள். நீதிபதியின் பதவிக்காலம் யார் கையில், தனி ஆள் வழக்குப் போட முடியுமா, இந்த இரண்டைப் பாருங்கள். ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் இருக்கிற அருஷா தான்சானியாவில்தான் இருக்கிறது. அந்தத் தான்சானியாவே 2019-ல், தனி ஆட்கள் நேரடியாக அங்கே போகும் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

‘ஆப்பிரிக்கா அப்படித்தான்’ என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு ஒன்று: நம்ம தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் சாசனம், இருதரப்பு விஷயங்களையும் சர்ச்சைக்குரிய விஷயங்களையும் பேசவே கூடாது என்கிறது. மனித உரிமைக்கு என்று ஒரு பொது நீதிமன்றம் தெற்காசியாவில் இதுவரை அமைக்கப்படவே இல்லை.