பஞ்சும் நூலும்

போன வாரம் ஒரு மின்னஞ்சல். "அடுத்த இஷ்யூவுக்கு எட்டு விஷுவல் கன்டென்ட் தேவை. எப்ப டெலிவர் பண்ணுவீங்க?"

அனுப்பியவர் நல்ல மனிதர். ஆறேழு வருடப் பழக்கம், ஒருநாளும் பணத்தை இழுத்தடித்ததில்லை. ஆரம்பத்தில் இதே ஆள் போன் செய்து, "ஒரு கதை வந்திருக்கு, படிச்சுப் பாருங்க. ஏதாவது தோணிச்சுன்னா ஒரு படம் வரைஞ்சு குடுங்க" என்பார். கொஞ்ச நாளில் படம் 'டிசைன்' ஆனது. டிசைன் 'கிரியேட்டிவ்' ஆனது. நடுவில் சில மாதம் 'அசெட்'. இப்போது கன்டென்ட். என் கை அதே கை, பேனா அதே பேனா. சொல் மாற மாறக் கெடு மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் பத்து நாள், பிறகு ஐந்து நாள், இப்போதெல்லாம் "நாளைக்குக் காலையில கெடைக்குமா?"

"நாளைக்குள் எட்டு ஓவியம் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கேட்கிறவருக்கே கொஞ்சம் கூச்சம் வரும். "நாளைக்குள் எட்டு கன்டென்ட்" என்று சொல்லுங்கள். நாக்கு எங்கேயும் இடறாது.

ஆங்கிலச் சொல் என்பதால் எனக்கு எரிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். 'உள்ளடக்கம்' என்று நல்ல தமிழில் எழுதினாலும் சங்கதி அதேதான். உள்ளே அடங்கியிருப்பது உள்ளடக்கம். அப்படியென்றால் வெளியே ஒரு பாத்திரம் இருக்கிறது. அந்தப் பாத்திரத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். பாத்திரம் நிரம்ப வேண்டும் என்பது அவர் கவலை. எதால் நிரம்புகிறது, யார் நிரப்பினார்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். சொல்லுக்குள்ளேயே முதலாளி யார், கூலியாள் யார் என்று எழுதியிருக்கிறது.

பில் கேட்ஸ் 1996 ஜனவரியில் ஒரு கட்டுரை எழுதினார். உள்ளடக்கம்தான் ராஜா என்பது அதன் தலைப்பு. இன்றைக்கும் மார்க்கெட்டிங் ஆட்கள் அந்தத் தலைப்பை மந்திரம் போலச் சொல்கிறார்கள். ஆனால், இணையம் தழைக்க வேண்டுமென்றால் உள்ளடக்கத்தை உண்டாக்குகிறவர்களுக்குக் காசு கொடுத்தாக வேண்டும் என்றும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். அந்த வரியை யாரும் மந்திரமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ராஜா என்று பட்டம் கட்டினார்கள், படியளக்கத்தான் மறந்துவிட்டார்கள்.

நடிகை எம்மா தாம்சன் 2023இல் ஒரு தொலைக்காட்சித் துறை மாநாட்டில் இதே சொல்லைப் போட்டு உலுக்கினார். 'கன்டென்ட்' என்று யாராவது சொல்லும்போது, சோபா மெத்தைக்குள் அடைக்கிற பஞ்சு மாதிரி தன்னை உணர்வதாகச் சொன்னார். படித்ததும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் 'அட, பஞ்சு!' என்று பொறி தட்டியது.

நம்மிடமும் ஒரு பஞ்சு உவமை இருக்கிறதே! நன்னூலில் பவணந்தி முனிவர், புத்தகத்துக்கு 'நூல்' என்ற பெயர் ஏன் வந்தது என்று சொல்கிற இடம். சொல்தான் பஞ்சு. பனுவல் என்பது இழை. புலவன், நூற்கிற பெண். அவன் வாய்தான் அவள் கை. அவன் மதிதான் நூற்கும் கதிர். இப்படி நூற்று முடிப்பதுதான் நூல் என்கிறார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, அதோடு மறந்துபோன வெண்பா. இத்தனை வருடம் கழித்து எடுத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அதில் கை இருக்கிறது. கருவி இருக்கிறது. உட்கார்ந்து நூற்கிற ஆள் இருக்கிறாள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, செய்தவரை விட்டுவிட்டுச் செய்யப்பட்டதை மட்டும் பேச முடியாது.

பஞ்சு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒரு இடத்தில் அதை அடைக்கிறார்கள், இன்னொரு இடத்தில் நூற்கிறார்கள். அடைக்கிற பஞ்சை எடை போட்டு வாங்குவார்கள். நூலை வாங்க வருகிறவர் இழுத்துப் பார்ப்பார், முறுக்குப் பார்ப்பார், எத்தனை மென்மை என்று விரலால் தேய்த்துப் பார்ப்பார். 'செய்யுள்' என்ற சொல்லிலும் 'செய்' இருக்கிறது. 'யாப்பு' என்றால் கட்டுவது. எழுத்தை வேலையாகவே பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. வேலை என்று சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"ஒரு பெயரில் என்ன வந்துவிடப்போகிறது, நல்ல வேலைக்கு எப்படியும் மதிப்பு இருக்கும்" என்று சொல்கிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. கதை என்றேனே தவிர, நீதிமன்ற வழக்கு அது.

1926 அக்டோபர். பிரான்ஸிலிருந்து நியூயார்க் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்து சேர்கிறது. அதில் சிற்பி கான்ஸ்டன்டின் பிரான்குசியின் சிற்பங்கள் இருக்கின்றன. கண்காட்சிக்காக வந்தவை, கூடவே ஓவியர் மார்செல் துஷாம். சுங்க அதிகாரிகள் ஒரு பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே மெலிந்து, நீண்டு, நடுவில் லேசாகப் புடைத்து, மேலே கூராகப் போகும் ஒரு வெண்கலத் துண்டு. முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. பெயர் 'விண்ணில் பறவை'. அலகு இல்லை, சிறகு இல்லை, இறகு இல்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி சிற்பம் என்றால் வரி கிடையாது. உலோகச் சாமான் என்றால் 40 சதவீதம். இதைச் சிற்பம் என்று எப்படி ஒத்துக்கொள்வது? 'சமையலறைச் சாமான்களும் மருத்துவமனைப் பொருட்களும்' என்ற தலைப்பில் பதிவு செய்து வரியைப் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பறவையை வாங்கியிருந்தவர் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன். வழக்கு நடந்தது. இயற்கையில் உள்ளதைப் போலச் செய்தால்தான் சிற்பம் என்று 1916இல் வந்த ஒரு தீர்ப்பு பறவைத் தரப்புக்கு எதிராக இருந்தது. இது பறவை போல இருக்கிறதா, காட்டில் பார்த்தால் சுடுவீர்களா என்ற ரீதியில் கேள்விகள் பறந்தன. எனக்குப் பிடித்தது சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீனின் சாட்சியம். ஒரு நல்ல மெக்கானிக் அரமும் பாலிஷ் கருவிகளும் வைத்துக்கொண்டு இதை இப்படித் தேய்த்துவிட முடியாதா என்று அரசுத் தரப்பு வக்கீல் கேட்டார். தேய்க்க முடியும், இப்படி ஒன்றை மனதில் உருவாக்கத்தான் முடியாது என்றார் எப்ஸ்டீன்.

1928 நவம்பரில் தீர்ப்பு பறவைக்குச் சாதகமாக வந்தது. இயற்கையைப் போலச் செய்யாமல், கருத்தை வடிவமாக்கும் புதிய பாணி ஒன்று வளர்ந்து வருகிறது, நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ அப்படி ஒன்று இருப்பதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்கிற மாதிரி நீதிபதி எழுதினார். வெண்கலம் ஒரு குன்றிமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாறியது படிவத்தில் எழுதும் ஒரு சொல். அதற்காக இரண்டு வருடம் வாதாட வேண்டியிருந்தது.

ஏலக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஒரு பழைய ஓவியத்தின் கீழே அவர்கள் போடும் சொற்களுக்குப் படிக்கட்டு மாதிரி வரிசை உண்டு. இன்னார் வரைந்தது, இன்னார் வரைந்ததாகக் கருதப்படுவது, அவர் பட்டறையில் வரைந்தது, அவர் வட்டத்தைச் சேர்ந்தவர் வரைந்தது, அவர் பாணியில் வரைந்தது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் விலை தடதடவென்று உருளும். 'சால்வதோர் முண்டி' ஓவியம் 1958இல் லியனார்டோ டாவின்சியின் சீடர் பெயரில் லண்டனில் 45 பவுண்டுக்கு ஏலம் போனது. 2017இல் நியூயார்க்கில் லியனார்டோவின் பெயரிலேயே 45 கோடி டாலருக்கு மேல் போனது. நடுவில் மேல்பூச்சுகளைச் சுரண்டிச் சீரமைத்தார்கள், உண்மைதான். அறிஞர்கள் இன்றும் அதை வைத்துச் சண்டை போடுகிறார்கள், அதுவும் உண்மைதான். இருந்தாலும், பலகை அதே வால்நட் பலகைதானே.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் 'கலை' என்று கூப்பிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் என் சக படைப்பாளிகளோடு எனக்கு ஒத்துப்போகாது. சின்னச் சொல் பாதிக் கூலியைத் தின்கிறது என்றால், பெரிய சொல் மீதியைத் தின்றுவிடுகிறது. 'கலைச்சேவை', 'தவம்', 'உள்ளிருந்து ஊறி வருவது'. இதையெல்லாம் நாமே மேடையில் பேசிவிட்டு, இறங்கி வந்து இன்வாய்ஸ் நீட்டினால் எதிரே இருப்பவர் குழம்பத்தான் செய்வார். தவத்துக்கு யார் ஜிஎஸ்டி போடுவார்கள்? "நீங்க ஆர்ட்டிஸ்ட்டு, உங்களுக்குப் பணமெல்லாம் ரெண்டாம்பட்சம்தானே" என்று என்னிடம் சொன்னவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மனதாரப் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்கு ஒரு மாத வாடகை நஷ்டமாக முடிந்தது.

டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில உளவியலாளர்கள் 2019இல் இதைப் பற்றியே ஆய்வு வெளியிட்டார்கள். ஒருவர் தன் வேலையை ஆசை ஆசையாகச் செய்கிறார் என்று தெரிந்தால், அவரிடம் கூலி இல்லாமல் கூடுதல் வேலை வாங்குவது அவ்வளவு தப்பில்லை என்று மற்றவர்கள் நினைக்கிறார்களாம். அவருக்குத்தான் வேலையே சம்பளமாயிற்றே! படித்துவிட்டு, என்னைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் இருந்த 'வண்ணங்களின் மீது தீராக் காதல் கொண்டவர்' என்ற வரியை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

அடுத்து, நானே எனக்குச் செய்துகொண்டது. ஒரு கதைக்கு, ஊசியில் நூல் கோக்கும் வயதான அம்மாவின் கை வரைந்தேன். முகம் வேண்டாம், கை மட்டும். கட்டைவிரல் சரியாக வரவே இல்லை. கண் மங்கியவர்கள் நூல் கோக்கும்போது ஊசியைப் பார்ப்பதைவிட விரலால் தேடுவதுதான் அதிகம். அந்தத் தேடல் கட்டைவிரல் நுனியில் தெரிய வேண்டும். பதினோரு முறை வரைந்தேன். பத்தாவதில் நகம் சரி, முட்டி தப்பு. பதினோராவது ஒரு சாயங்காலத்தில் அமைந்தது. அனுப்பினேன். "அற்புதமா இருக்குங்க! எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா ஒரு சாயங்காலம் கிறுக்கினதுதாங்க."

அடுத்த படத்துக்குத் தொகை பேசும்போது "சாயங்கால வேலைதானே" என்றார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது? 'சும்மா' என்ற சொல்லை நான்தானே எடுத்துக் கொடுத்தேன். அடக்கம் என்று நினைத்துச் சொன்னது தள்ளுபடியாகப் பதிவாகிவிட்டது. பத்து தப்பான கட்டைவிரல்களையும் மறைத்துவிட்டு, பதினோராவது வானத்திலிருந்து விழுந்தது போல நடந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு இன்வாய்ஸ் எழுதும் விதத்தை மாற்றினேன். முன்பெல்லாம் "படம் – 4" என்று ஒரே வரி. இப்போது: கதை வாசிப்பு இரண்டு முறை, மாதிரிக் கோட்டுப்படம் 12, முடித்த படம் 4, திருத்தம் இரண்டு சுற்று, அச்சுக்கான கோப்பு. கூட்டுத்தொகை அதேதான். "நாலு படத்துக்கு இவ்வளவா?" என்று வந்துகொண்டிருந்த கேள்வி பெரும்பாலும் நின்றுபோனது. "அந்தப் பன்னெண்டு ஸ்கெட்ச்சையும் பாக்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவர் மட்டும், "கதையை வாசிக்கறதுக்குமா காசு?" என்றார். "வாசிக்காம வரைஞ்சா கதாநாயகிக்கு மீசை வந்துருங்க" என்றேன். கொடுத்துவிட்டார்.

விலையைத் தீர்மானிப்பது சந்தை, சொல் அல்ல என்று யாராவது கமென்ட்டில் எழுதுவீர்கள். ஓரளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். வரைகிறவர்கள் ஆயிரம் பேர் வரிசையில் நிற்கும்போது நான் என்ன பெயர் சூட்டிக்கொண்டாலும் விலை இறங்கத்தான் செய்யும். இப்போது இயந்திரமும் அந்த வரிசையில் வந்து நிற்கிறது. அதன் வேலைக்கும் 'ஜெனரேட்' என்று ஒரு சொல் வந்து, அதுவே என்னிடமும் திரும்பி வருகிறது. "ரெண்டு வெர்ஷன் ஜெனரேட் பண்ணி அனுப்புங்களேன்" என்று ஒருவர் கேட்டார். ஆனால் பேரம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைச் சொல்தான் முடிவு செய்கிறது. 'எட்டு கன்டென்ட்' என்று தொடங்கினால் அடுத்த கேள்வி 'எப்போது'. 'எட்டுப் படம்' என்று தொடங்கினால் 'எதைப் பற்றி' என்று கேட்க ஒரு வாய்ப்பாவது இருக்கிறது.

அதனால் அந்த மின்னஞ்சலுக்கு இப்படிப் பதில் போட்டேன்: "எட்டுப் படமும் வரைகிறேன். முதலில் எட்டுக் கதைகளையும் அனுப்புங்கள். வாசித்துவிட்டு நாள் சொல்கிறேன்."

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

"ஷ்யூர் மேடம். ஆனா கன்டென்ட் இன்னும் வரலை. எழுதறவங்களையும் நாளைக்குள்ள டெலிவர் பண்ணச் சொல்லியிருக்கோம்."