கை கால் வாய்க் கொப்புளம்: சானிடைசரை நம்பாதீர்கள்

பிள்ளையின் உள்ளங்கையில் நாலு கொப்புளம் கண்டால் போதும், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் "ஆத்தா வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். 2022-ல் கேரளாவில் கிளம்பிய 'தக்காளிக் காய்ச்சல்' என்ற பெயரும் இப்போது சேர்ந்துகொண்டது. வேப்பிலை இருந்துவிட்டுப் போகட்டும். குளிப்பாட்டாமல், துணி மாற்றாமல் வைப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது.

சின்னம்மை நெஞ்சு, முதுகு, தலையில் கிளம்பும். கை கால் வாய்க் கொப்புளம் வாய்க்குள், உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டத்தில். காரணம் குடலில் பெருகும் என்டரோவைரஸ்கள். வழக்கமான ஆள் காக்சாக்கி ஏ16. காக்சாக்கி ஏ6 வந்தால் கை, கால், வாயைச் சுற்றி என்று பரவலாகக் கொப்பளித்து, டாக்டரையே சின்னம்மையோ என்று யோசிக்க வைக்கும். பயப்பட வேண்டியது என்டரோவைரஸ் ஏ71-க்கு. அது மூளைவரை போகும். 1998-ல் தைவானில் 78 பேர் இறந்த பரவலில் முக்கியப் பங்கு அதற்குத்தான். ஒரு வகைக்கு வந்த எதிர்ப்புச்சக்தி இன்னொன்றைத் தடுக்காது, அதனால் மறுபடியும் வரலாம். ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. சின்னம்மைக்குக் கொடுக்கும் அசைக்ளோவிரும் வீண்தான். அது ஹெர்பிஸ் வகை வைரஸ்களுக்கான மருந்து. மாட்டுக்கு வரும் கோமாரி வேறு வைரஸ், தொழுவத்தைத் திட்ட வேண்டாம்.

இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது. ஆல்கஹால் சானிடைசர் உடைப்பதே அந்த உறையைத்தான், ஆகவே இங்கே அதன் பலம் குறைவு. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவினால் வைரஸ் கையைவிட்டுப் போய்விடும். கொப்புளம் காய்ந்த பிறகும் மலத்தில் வாரக்கணக்கில் வைரஸ் வரும். டயப்பர் மாற்றிய கையோடு அடுப்படிக்குள் போகும் அப்பத்தாவுக்கு இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பொம்மை, கதவுப்பிடியை முதலில் சோப்பால் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும். பிறகு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் புது ப்ளீச்சிங் பவுடர் கலந்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் அந்த நீரால் துடைத்து, 10 நிமிடம் விட்டு அலசுங்கள். பழைய பவுடரில் வீரியம் இருக்காது. கூடவே ஆசிட் ஊற்றாதீர்கள்: விஷவாயு கிளம்பும், தரையின் ஆத்தங்குடி கல்லும் அரித்துப்போகும்.

வாய்ப்புண்ணுக்கு மிளகு ரசம் வேண்டாம். ஆறிய கஞ்சி, தயிர் சாதம், இளநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால். ஆஸ்பிரின் கூடவே கூடாது. 8 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், காய்ச்சல் 3 நாள் தாண்டினால், தூக்கத்தில் திடுக் திடுக்கென்று தூக்கிப்போட்டால், நடை தள்ளாடினால், ஓயாமல் வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து நகம் கழன்று விழலாம், ஏ6-ன் வேலை அது. கால்சியம் மாத்திரை தேவையில்லை, தானே முளைக்கும்.